ஒட்டும் இடத்தில் மாறும் எழுத்து

மரம், வீடு, கல், பூ. இந்த நான்கையும் தனியாக எழுதும்போது யாருக்கும் பிழை வராது. பின்னால் ஓர் 'ஐ' சேர்த்துப் பாருங்கள்: மரத்தை, வீட்டை, கல்லை, பூவை. சேர்ந்தது ஒரே உருபுதான்; சொல்லின் கடைசியில் நடந்ததோ நான்கு வெவ்வேறு காரியங்கள். ஒன்றில் 'ம்' போய் 'த்து' வந்தது. ஒன்றில் 'ட்' இரட்டித்தது. ஒன்றில் 'ல்' இரட்டித்தது. ஒன்றில் இடையே 'வ்' நுழைந்தது. மெய்ப்புத் திருத்துபவரின் பேனா அடிக்கடி நிற்பது இந்த ஒட்டுவாயில்தான்.

பழைய இலக்கணிகளும் இந்த இடத்தைத் தனியாகவே கவனித்திருக்கிறார்கள். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களில் ஒன்று உருபியல். நன்னூல் எழுத்ததிகாரத்தின் ஐந்து இயல்களில் கடைசி, உருபு புணரியல். அந்த நூற்பாக்களை மனப்பாடம் செய்யாதவரும் பிழையின்றி எழுதலாம். ஒட்டைச் சேர்க்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும்.

1. சொல் எந்த ஒலியில் முடிகிறது?
2. ஒட்டு உயிரெழுத்தில் தொடங்குகிறதா, மெய்யெழுத்திலா?
3. ஒட்டு வேற்றுமை உருபா, வேறு வகையா?

முதல் இரண்டும் பள்ளியில் படித்தவை. மூன்றாவதைப் பலர் கேட்பதில்லை. ஆகவே அங்கிருந்து தொடங்குவோம்.

சொல்லுக்கு இரண்டு வடிவம்

'வீடு' என்ற சொல்லோடு 'ஆல்' சேர்ந்தால் வீட்டால். 'ஆக' சேர்ந்தால் வீடாக. இரண்டு ஒட்டுகளும் 'ஆ'வில்தான் தொடங்குகின்றன. ஒன்றில் 'ட்' இரட்டிக்கிறது, மற்றதில் இல்லை. அதேபோல வேகத்தால், வேகமாக, வரலாற்றை, வரலாறும், பணத்தில், பணமே.

ஐ, ஆல், கு, இல், இன், இடம், ஓடு, உடன் ஆகிய வேற்றுமை உருபுகள் சொல்லின் திரிந்த வடிவத்தோடு சேரும். உம், ஏ, ஓ, ஆ, ஆக, ஆன ஆகியவை இயல்பு வடிவத்தோடு சேரும். பன்மையைக் காட்டும் 'கள்' விகுதியும் இயல்பு வடிவத்தையே பிடிக்கும்: வீடுகள், ஆறுகள். 'கள்' சேர்ந்துவிட்டால் அதன்பின் எந்த உருபு வந்தாலும் திரிபு கிடையாது: வீடுகளை, ஆறுகளில்.

இந்தப் பிரிவினை மனத்தில் பதிந்துவிட்டால் 'வரலாறை', 'கிணறில்' போன்ற பிழைகள் ஏன் பிழை என்பது தெரிந்துவிடும். வேற்றுமை உருபு வரும் இடத்தில் இயல்பு வடிவத்தை வைத்ததால் வந்த கோளாறு அது.

டு, று: இரட்டிக்குமா, இரட்டிக்காதா?

'டு', 'று' என முடியும் சொல்லில், அவற்றுக்கு முன்னால் நெட்டெழுத்தோ, இரண்டு மூன்று எழுத்துகள் கொண்ட தொடரோ இருந்து, இடையில் மெய்யெழுத்து இல்லாவிட்டால், வேற்றுமை உருபின் முன் ஒற்று இரட்டிக்கும். காடு காட்டில் ஆகும். சோறு சோற்றை ஆகும். வயிறு வயிற்றில், கிணறு கிணற்றில், செயல்பாடு செயல்பாட்டால். கு, சு, து, பு என முடிபவை இரட்டிக்காது: விறகை, காசை, காதில், மரபை.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னொரு பெயரை வைத்துச் சொல்லிப் பாருங்கள். வீட்டுச் சாவி, ஆற்று மணல், மாட்டு வண்டி, வயிற்று வலி, வரலாற்றுப் பாடம். இங்கே வாயில் வரும் வடிவம்தான் திரிந்த வடிவம். அதன் உகரத்தை எடுத்துவிட்டு உருபைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

இந்தச் சோதனை நுட்பமான இடங்களையும் பிரித்துக் காட்டும். நதியைக் குறிக்கும் 'ஆறு' ஆற்று மணல் என்று வருவதால் ஆற்றில் ஆகிறது. எண்ணைக் குறிக்கும் 'ஆறு' ஆறு மணி, ஆறு பேர் என்றே நிற்பதால் 'ஆறில் ஒரு பங்கு' ஆகிறது. சென்னையில் ஓடும் அடையாறு நதியில் வெள்ளம் வந்தால் 'அடையாற்றில் வெள்ளம்' என்றும், அந்தப் பெயர் கொண்ட பகுதியில் வீடு பார்த்தால் 'அடையாறில் வீடு' என்றும் எழுதும் வழக்கம் இப்படித்தான் பிரிந்தது. ஈரோடு, ஏற்காடு, பாலக்காடு ஆகிய ஊர்ப்பெயர்களில் இந்தக் குழப்பமே இல்லை: ஈரோட்டில், ஏற்காட்டில், பாலக்காட்டில்.

ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களையும் இதே சோதனையில் நிறுத்தலாம். 'ரோட்டுக் கடை' என்று நாம் சொல்கிறோம், ஆகவே ரோட்டில். 'பிளேட்டு முனை' என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே பிளேடால் வெட்டினான். முன்னது தமிழுக்குள் குடியேறி நாளாகிவிட்டது. பின்னது இன்னும் விருந்தாளி.

'தவறு' என்ற சொல்லில் மட்டும் காது கைகொடுக்காது. 'தவற்று' என்று தொடங்கும் தொடர் பேச்சில் இல்லை. அதனால்தான் 'தவறை' என்ற வடிவம் பெருகியது. விதிப்படி 'தவற்றை' சரி. 'தவறை' என்று எழுதுபவர்கள் ஏராளம். நீங்கள் ஒன்றைத் தேர்ந்துகொண்டால் நூல் முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

'ம்' முடிவு

'-அம்' என முடியும் பெயர்களில் 'ம்' கெட்டு 'அத்து' என்னும் சாரியை வரும். மரத்தை, குளத்தில், பணத்தால், சிதம்பரத்துக்கு. ஒலி ஒத்துப்போனால் வந்தேறிச் சொற்களும் இந்த வழியில் போகும்: ஆல்பத்தில், ஸ்டேடியத்தில். '-அம்' அல்லாத மகர முடிவுகள் மாறாது: ரூமில், டீமில், ஃபிலிமை.

'ஆக', 'ஆன', 'உம்' சேரும்போது 'ம்' நகராது என்பதை மேலே பார்த்தோம்: சுகமான, தூரமாக, மரமும். 'கள்' சேரும்போது 'ம்' இன எழுத்தான 'ங்' ஆகும்: மரங்கள், படங்கள்.

உயிர் முடிவில் ய், வ்

இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நிற்பதைத் தமிழ் பொறுக்காது. நடுவே ஒரு மெய்யை வைத்துத்தான் சேர்க்கும். இ, ஈ, ஐ என முடிந்தால் 'ய்' வரும்: மணியை, தீயில், மலையால். மற்ற உயிர்களில் முடிந்தால் 'வ்' வரும்: விழாவில், பூவை, பசுவை, ஆட்டோவில், சினிமாவுக்கு. 'ஏ' முடிவுக்கு இரண்டும் உண்டு. எம்.எல்.ஏ.வை என்று நாளிதழ்கள் எழுதுவதும், கஃபேயில் என்று கதைகளில் வருவதும் இரண்டுமே விதிக்கு உட்பட்டவைதான்.

சுருக்கப் பெயர்களுக்கும் இதே கணக்கு. கடைசி எழுத்தைச் சொல்லிப் பார்த்து ஒட்டுங்கள். தி.மு.க. என்பது அகரத்தில் முடிவதால் தி.மு.க.வில். டிவி இகரத்தில் முடிவதால் டிவியில்.

உகரம் போவதும் நிற்பதும்

கு, சு, டு, து, பு, று என்று முடியும் நீண்ட சொற்களில் கடைசி உகரம் குறுகி ஒலிக்கும். அது குற்றியலுகரம். உயிர் வந்தால் அது மறைந்துவிடும்: பாக்கு பாக்கை, பந்து பந்தை, சங்கு சங்கில். இரண்டே குற்றெழுத்துகளைக் கொண்ட சொல்லில் உகரம் முழுதாக ஒலிக்கும். அது போகாது, 'வ்' வாங்கிக்கொள்ளும்: பசுவை, கொசுவால், தெருவில், குழுவை, மனுவில்.

மூன்று விலக்குகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, 'வு' முடிவு. உணவு, இரவு, கதவு, நிலவு ஆகியவற்றில் இருப்பது குற்றியலுகரம் இல்லை. என்றாலும் உகரம் போய்விடும்: உணவை, இரவில், கதவால், நிலவில்.

இரண்டு, சுட்டும் வினாவும். அது, இது, எது ஆகியவை 'அதுவை' ஆகாமல் அதை, இதை, எதை ஆகும். அவற்றின் பன்மை அவை, இவை, எவை. உருபு சேர்ந்தால் அவற்றை, இவற்றில், எவற்றுக்கு. 'அவை' ஏற்கெனவே பன்மை. அதன்மேல் 'கள்' போட்டு 'அவைகளை' என்று எழுதுவது பன்மைக்குப் பன்மை. பல, சில, எல்லாம் ஆகியவையும் பலவற்றை, சிலவற்றில், எல்லாவற்றுக்கும் என்றே வரும்.

மூன்று, ஆள்பெயர். பாபு, சேது, வாசு ஆகியவை விதிப்படி குற்றியலுகரம். ஆனால் 'பாபை', 'சேதிடம்' என்று எழுதினால் ஆள் யாரென்றே தெரியாது. பாபுவை, சேதுவிடம், வாசுவுக்கு என்று உகரத்தை நிறுத்திவைப்பதுதான் வழக்கம். பெயர் சிதையாமல் இருப்பது ஆள்பெயரில் முதல் தேவை.

ஊர்ப்பெயர் மாற்றத்தால் வந்த புதிய சிக்கலும் இங்கே அடங்கும். கர்நாடகத்தில் 2014 நவம்பர் 1 முதல் பெங்களூரு, மைசூரு என்ற பெயர்கள் அதிகாரபூர்வமாயின. 'பெங்களூர்' என்று எழுதினால் பெங்களூரில். 'பெங்களூரு' என்று எழுதினால், 'ரு' அந்த ஆறு எழுத்துகளில் இல்லாததால், பெங்களூருவில். ஒரே கட்டுரையில் தலைப்பில் பெங்களூரு, உள்ளே பெங்களூரில் என்று எழுதினால் இரண்டு பெயர்களைக் கலக்கிறீர்கள் என்று பொருள்.

ஒற்று இரட்டிப்பது

ஒரே குற்றெழுத்து, அதையடுத்து ஒரு மெய். இவ்வளவுதான் சொல் என்றால், உயிர் வரும்போது அந்த மெய் இரட்டிக்கும். கல்லை, கண்ணில், முள்ளால், பொன்னை, நெய்யில். நெட்டெழுத்து இருந்தாலோ, சொல் நீண்டிருந்தாலோ இரட்டிக்காது: பாலை, ஆணை, வயலில், மகனை, தமிழை. பஸ், ஜிம், சிம், பில் ஆகியவையும் இந்த விதியை மீறுவதில்லை: பஸ்ஸில், ஜிம்மில், சிம்மை, பில்லை.

வந்தேறிச் சொற்களில் இன்னொரு இரட்டிப்பும் உண்டு. க், ட், ப் ஆகிய வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடிவதில்லை. ஆகவே அப்படி முடியும் பிறமொழிச் சொல், எவ்வளவு நீளமாக இருந்தாலும், உயிர் வரும்போது இரட்டிக்கும்: டிக்கெட்டை, கிரிக்கெட்டில், ஃபேஸ்புக்கில், வாட்ஸ்அப்பில். காரணம் ஒலிதான். 'டிக்கெடை' என்று எழுதினால் 'ட' மெலிந்து ஒலிக்கும். மூலச் சொல்லின் வல்லோசை போய்விடும். இதே காரணத்தால் யூடியூப் இரட்டிக்காமல் யூடியூபில் என்று எழுதப்படுவதைப் பார்க்கலாம். அந்தச் சொல்லின் கடைசி ஒலி மூலத்திலேயே மெலிந்தது. எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்டால் இரண்டும் ஒரே விதி என்பது புரியும்.

க்கு, உக்கு, இற்கு

நான்காம் வேற்றுமை உருபு 'கு'. இ, ஈ, ஐ முடிவுகளுக்கு 'க்கு' போதும்: மணிக்கு, மலைக்கு, டிவிக்கு. மற்றவற்றில் பெரும்பாலும் 'உக்கு' அல்லது 'இற்கு' வரும்: மகனுக்கு, அம்மாவுக்கு, மரத்துக்கு அல்லது மரத்திற்கு, வீட்டுக்கு அல்லது வீட்டிற்கு. 'உக்கு' பேச்சுக்கு நெருக்கமானது. 'இற்கு' எழுத்து நடைக்கு உரியது. இரண்டும் சரி. ஒரே பத்தியில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் நல்லது.

பிழை வேறோர் இடத்தில் வருகிறது. 'மரத்திற்க்கு', 'அதற்க்கு' என்று எழுதுபவர்கள் 'ற்'க்குப் பின் இன்னொரு மெய்யைச் செருகுகிறார்கள். தமிழ்ச்சொல்லில் ட், ற் ஆகியவற்றை அடுத்து இன்னொரு மெய் வராது. 'முயற்ச்சி', 'பயிற்ச்சி', 'காட்ச்சி' ஆகியவையும் இதே பிழைதான். வாழ்த்து, பார்க்க, வாய்க்கால் என்று இரண்டு மெய்கள் சேர்ந்து வர வேண்டுமானால் முதலில் நிற்பது ய், ர், ழ் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும்.

கள்

சர்ச்சை மிகுந்த ஒட்டு இதுதான். சர்ச்சை இல்லாத பகுதியை முதலில் முடித்துவிடுவோம்.

ஒரே குற்றெழுத்தை அடுத்து 'ல்' வந்தால் அது 'ற்' ஆகும். 'ள்' வந்தால் 'ட்' ஆகும்: கற்கள், பற்கள், சொற்கள், முட்கள். ண், ன் மாறாது: கண்கள், பெண்கள், மீன்கள். ஓரெழுத்துச் சொற்களில் பூ, ஈ ஆகியவை 'க்' வாங்கும்: பூக்கள், ஈக்கள். கை, பை வாங்காது: கைகள், பைகள். 'ஆ' முடிவும், இரு குற்றெழுத்து உகர முடிவும் 'க்' வாங்கும்: விழாக்கள், பசுக்கள், தெருக்கள், குழுக்கள், மனுக்கள். மற்ற இ, ஐ முடிவுகள் சும்மா சேரும்: மணிகள், மலைகள். அறிவியல் நூல்களில் வரும் 'செல்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். செல்லில், செல்லை என்று இரட்டிக்கும் அந்தச் சொல், 'செற்கள்' ஆவதில்லை. 'பில்கள்' என்பதும் அப்படியே.

இனி சர்ச்சைக்குரியவை. நாள்களா, நாட்களா? 'ள்', 'ட்' ஆவது குற்றெழுத்தின் பின் நடப்பது. நெட்டெழுத்தின் பின் தோள்கள், தேள்கள், வாள்கள் என்றே எழுதுகிறோம். 'தேட்கள்' என்று ஒருவரும் எழுதுவதில்லை. அந்தக் கணக்கில் நாள்கள்தான் ஒழுங்கு. 'நாட்கள்' அச்சில் ஆழமாக வேர்விட்ட வடிவம். ஆட்கள், பொருட்கள் ஆகியவற்றுக்கும் இதே நிலைமை.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? 'பாட்டுக் கச்சேரி', 'எழுத்துப் பிழை' என்று இரண்டு சொற்கள் சேரும்போது வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின், அதாவது வல்லின மெய்யை அடுத்து நிற்கும் குற்றியலுகரத்தின் பின், வல்லினம் மிகும். அந்த விதியை 'கள்'ளுக்கும் நீட்டியவர்கள் வாழ்த்துக்கள், எழுத்துக்கள் என்று எழுதினார்கள். 'கள்' தனிச்சொல் ஆகாது, வெறும் விகுதிதான் என்று பார்ப்பவர்கள் வாழ்த்துகள், எழுத்துகள் என்று எழுதுகிறார்கள். இரண்டாவது கட்சியின் வாதம் வலுவானது. இந்த நூலும் அதையே பின்பற்றுகிறது. ஆனால் 'வாழ்த்துக்கள்' என்று எழுதியவரைத் திருத்தும்போது 'நாட்கள்' என்று நீங்களே எழுதிவிடாதீர்கள்.

நர், இனர், ஆளர்

பெயரோடு உருபு சேர்வது ஒரு வகை. ஒரு சொல்லிலிருந்து ஆளைக் குறிக்கும் புதுச்சொல்லை உண்டாக்கும் விகுதிகள் இன்னொரு வகை.

இயக்குநரா, இயக்குனரா? விகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். மிச்சம் ஏவலாக நிற்கும் வினையானால் 'நர்': ஓட்டு, ஓட்டுநர், நடத்து, நடத்துநர், இயக்கு, இயக்குநர், அனுப்பு, அனுப்புநர், பெறு, பெறுநர். வல்லுநர் என்பதும் இந்த வரிசையில் சேரும். மிச்சம் பெயர்ச்சொல்லானால் 'இனர்': உறுப்பு, உறுப்பினர், குழு, குழுவினர், கட்சி, கட்சியினர், படை, படையினர். 'உறுப்பினர்' என்பதன் 'னர்' காதில் விழுந்த பழக்கத்தில்தான் 'ஓட்டுனர்' பிறந்தது.

'ஆளர்' உயிரில் தொடங்குவதால் நாம் பார்த்த விதிகள் அப்படியே பொருந்தும். பார்வை என்பது ஐகாரத்தில் முடிவதால் பார்வையாளர். ஆய்வு உகரத்தை இழந்து ஆய்வாளர். எழுத்து குற்றியலுகரமானதால் எழுத்தாளர். பொருள் நீண்ட சொல்லானதால் இரட்டிக்காமல் பொருளாளர்.

மேசையில் கடைப்பிடிக்க

கணினியில் ஒரு சொல்லைத் தேடி மாற்றும்போது முழுச்சொல்லைத் தேடாதீர்கள். 'வரலாறு' என்று தேடினால் 'வரலாற்றை' சிக்காது. 'பெங்களூர்' என்று புள்ளியோடு தேடினால் 'பெங்களூரில்' தப்பிவிடும். கடைசி எழுத்தை விட்டுவிட்டு 'வரலா', 'பெங்களூ' என்று தேடி, கிடைப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் மாற்றும் வசதி தமிழில் ஆபத்தானது.

இரண்டு வடிவமும் வழக்கில் உள்ள சொற்களுக்கு ஒரு தாளில் பட்டியல் போட்டு மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்: தவற்றை/தவறை, நாள்கள்/நாட்கள், வாழ்த்துகள்/வாழ்த்துக்கள், கோயில்/கோவில், வீட்டுக்கு/வீட்டிற்கு, பெங்களூரு/பெங்களூர். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைச் சுழியுங்கள். ஆசிரியரும் மெய்ப்புத் திருத்துபவரும் வேறு வேறு ஆள் என்றால், வேலை தொடங்கும் முன்னரே இருவரும் அந்தத் தாளைப் பார்த்துவிட வேண்டும். பிழை எது, விருப்பம் எது என்ற தகராறு பாதி அங்கேயே தீரும்.

பயிற்சி

கீழே உள்ள பத்தியில் ஒன்பது பிழைகள் உள்ளன. விடையைப் பார்க்கும் முன் குறித்துவையுங்கள்.

"விழாவிற்க்கு வந்த தாவரவியல் வல்லுனர், ஒரு மரமின் வயதை அதன் வளையங்களைக் கொண்டு கணிக்கும் முறையை விளக்கினார். பிறகு மாணவர்கள் காடில் கிடந்த கல்களையும் முள்களையும் அகற்றினார்கள். ஊரின் வரலாறைத் தொகுக்கும் குழுயினர் அவைகளைப் படம் எடுத்தார்கள்."

விடை: விழாவிற்கு, வல்லுநர், மரத்தின், காட்டில், கற்களையும், முட்களையும், வரலாற்றை, குழுவினர், அவற்றை.

'காடில்', 'மரமின்' இரண்டையும் வாய்விட்டுப் படித்தாலே காது பிடித்துவிடும். 'விழாவிற்க்கு', 'வல்லுனர்' இரண்டும் காதுக்குத் தப்பும். எழுதியவற்றின் ஒலி சரியான வடிவத்தின் ஒலியை ஒட்டியே இருக்கிறது. ஆகவே மெய்ப்பை இரண்டு முறை படியுங்கள்: ஒரு முறை வாயால், ஒரு முறை கண்ணால். வாயால் படிக்கும்போது உருபுகளைக் கவனியுங்கள். கண்ணால் படிக்கும்போது 'ற்'க்குப் பின்னால் எழுத்து சேர்ந்திருக்கிறதா, 'நர்' வர வேண்டிய இடத்தில் 'னர்' நிற்கிறதா என்று பாருங்கள். உருபுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே வல்லினம் மிகும் இடங்கள், 'வீட்டைக் கட்டினான்', 'வீட்டுக்குப் போனான்' போன்றவை, அடுத்த அத்தியாயத்தின் வேலை.